நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் சொல்ல: வீட்டிலேயே பழகச் சில குறிப்புகள்

டென்ஸ் என்றதுமே பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வீட்டில் நாலு வாக்கியம் பேச அத்தனையும் வேண்டாம். சிம்பிள் பாஸ்ட் எனப்படும் சாதாரண இறந்த காலம் ஒன்று வசப்பட்டால், காலையில் பால்காரர் வந்தது முதல் ராத்திரி கதவைப் பூட்டியது வரை சொல்லிவிடலாம். இதில் நம்மவர்கள் வழுக்குகிற இடங்கள் திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். அவற்றைக் குறிவைத்துத்தான் இந்தக் குறிப்புகள். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆகும், நமக்கும் ஆகும்.

1. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ‘ஐ கேம்’, ‘ஷி கேம்’, ‘தே கேம்’, எல்லாருக்கும் ஒரே ‘கேம்’. நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு ஒட்டிக்கொள்ளும் எஸ் கூட இங்கே கிடையாது. ஆளைப் பார்த்து மாறுவது ‘வாஸ்’, ‘வெர்’ ஜோடி மட்டும். ஐ, ஹி, ஷி, இட் வந்தால் ‘வாஸ்’. வி, யூ, தே வந்தால் ‘வெர்’. ஒரே ஒருவரிடம் பேசினாலும் ‘யூ வெர்’தான்.

2. ஒழுங்கான வினைகளுக்கு ஈ, டி என்ற இரண்டு எழுத்தைப் பின்னால் சேர்த்தால் வேலை முடிந்தது. குக், வாஷ், க்ளீன், ஃபில் எல்லாம் இந்த ரகம். சொல் ஏற்கெனவே ஈ-யில் முடிந்தால் டி மட்டும் போதும்: பேக், சேவ், க்ரேட். ஃப்ரை, ட்ரை, க்ரை போலக் கடைசி ஒய்-க்கு முன்னால் மெய்யெழுத்து இருந்தால் ஒய் போய் ஐ வரும், பிறகு ஈடி. ப்ளே, ஸ்டே போல முன்னால் உயிரெழுத்து இருந்தால் ஒய் அப்படியே நிற்கும். இதற்கு அடங்காத மூன்று: பே, சே, லே. இவை ‘பெய்ட்’, ‘செட்’, ‘லெய்ட்’ ஆகும். மூன்றுக்கும் கடைசி எழுத்துகள் ஏ, ஐ, டி. எழுத்து ஒன்றாக இருந்தாலும் ‘செட்’ மட்டும் குறுகி ஒலிக்கும். ‘செய்ட்’ என்று இழுக்க வேண்டாம்.

3. எப்போது கடைசி எழுத்தை இரட்டிப்பது? சாப், மாப், ஸ்டாப், ப்ளான் போன்ற குட்டிச் சொற்களில், ஒரே உயிரெழுத்து, அதன்பின் ஒரே மெய்யெழுத்து என்று முடிந்தால் அந்த மெய் இரட்டிக்கும். மிக்ஸ், ஃபிக்ஸ் போல எக்ஸில் முடிவது இரட்டிக்காது. சொல் நீளமாக இருந்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விசிட், ஓப்பன், லிசன் ஆகியவற்றில் அழுத்தம் முதலில் விழுகிறது; இரட்டிப்பு வேண்டாம். ப்ரிஃபர், அட்மிட் ஆகியவற்றில் அழுத்தம் கடைசியில், இரட்டிக்க வேண்டும். ட்ராவலுக்கு பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு எல் போடுவார்கள், அமெரிக்கர்கள் ஒன்றோடு நிறுத்துவார்கள். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கம்தான், இரண்டே போடுங்கள்.

4. எழுத்தில் சரியாக எழுதுகிறவர்கள்கூட வாயில் கோட்டை விடுவது இந்த ஈடி-யை உச்சரிக்கும்போது. ‘குக்கெட்’, ‘வாஷெட்’, ‘க்ளீனெட்’ என்று எல்லாவற்றுக்கும் ‘எட்’ போட்டு நீட்டுகிறோம். உண்மையில் இதற்கு மூன்று ஒலிகள் உண்டு. சொல்லின் கடைசி ஒலி ப், க், ச், ஷ், ஃப் போல வெறும் காற்றாக வந்தால், ‘பட்டு’ என்பதில் வரும் வல்லின ட் ஒலி: சாப்ட், குக்ட், வாஷ்ட், வாட்ச்ட், லாஃப்ட். தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கும்போது அதிர்வு தெரிந்தால், ‘வண்டி’ என்பதில் வரும் மெல்லிய ட் ஒலி: க்ளீன்ட், கால்ட், ஃப்ரைட், சேவ்ட். ‘எட்’ அல்லது ‘இட்’ என்ற தனி அசை வருவது சொல்லின் கடைசி ஒலியே ட் ஆக இருக்கும்போது மட்டும்: வான்டிட், ஸ்டார்டிட், ஃபோல்டிட், நீடிட். அதாவது ‘குக்ட்’ ஒரே அசை, ‘வான்டிட்’ இரண்டு அசை. பிள்ளையைக் கை தட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குக்ட், ஒரு தட்டு. வான்டிட், இரண்டு தட்டு. இலக்கணப் புத்தகத்தில் அரைப் பக்கம் படிப்பதைவிட இது சீக்கிரம் மனதில் நிற்கும்.

5. ஒழுங்கில்லாத வினைகளை அகர வரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். புத்தகத்தின் பின்பக்கத்தில் வி1, வி2, வி3 என்று மூன்று வரிசையாகப் போட்டிருப்பது தேடிப் பார்க்க வசதி. படிக்க வசதி இல்லை. காதுக்கு ஒத்து வருகிறவற்றைக் கூட்டமாகச் சேர்த்துச் சொன்னால் பாட்டுப் போல ஏறிவிடும். அடுத்த சில குறிப்புகளில் அந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம்.

6. மாறவே மாறாதவை: கட், புட், ஹிட், ஷட், செட், லெட், காஸ்ட், ஹர்ட். ‘ஐ கட் த வெஜிடபிள்ஸ்’ என்றால் தினமும் நறுக்குகிறேனா, நேற்று நறுக்கினேனா? கூட வருகிற காலச் சொல்தான் காட்டிக்கொடுக்கும். ஹி, ஷி வந்தால் இன்னொரு துப்பும் உண்டு. ‘ஷி கட்ஸ்’ என்றால் வழக்கமாக நறுக்குகிறாள். எஸ் இல்லாமல் ‘ஷி கட்’ என்றால் நறுக்கி முடித்தாயிற்று. ‘ரீட்’ என்பது எழுத்தில் மாறாது, ஒலியில் மட்டும் ‘ரெட்’ ஆகும்.

7. ட்ரிங்க்–ட்ராங்க், ரிங்–ராங், சிங்–சாங், ஸிங்க்–ஸாங்க், ஸ்விம்–ஸ்வாம், பிகின்–பிகான். இந்த மெட்டிலேயே ‘ப்ரிங்’கையும் ‘திங்க்’கையும் இழுத்துவிடும் ஆபத்து உண்டு. ‘ப்ராங்’ கிடையாது, ‘தாங்க்’ கிடையாது. இரண்டும் அடுத்த கூட்டத்தைச் சேர்ந்தவை.

8. ப்ரிங்–ப்ராட், பை–பாட், திங்க்–தாட், ஃபைட்–ஃபாட், டீச்–டாட், கேட்ச்–காட். எல்லாம் ஒரே ஓசை. ஆனால் எழுதும்போது சிலவற்றுக்கு ஓ, யு, ஜி, எச், டி. சிலவற்றுக்கு ஏ, யு, ஜி, எச், டி. எதற்கு எது என்று குழம்பினால் மூலச் சொல்லைப் பாருங்கள். டீச், கேட்ச் இரண்டிலும் ஏ என்ற எழுத்து இருக்கிறது, இறந்த காலத்திலும் ஏ வரும். ப்ரிங், பை, திங்க், ஃபைட் எதிலும் ஏ இல்லை, அதனால் ஓ. வாங்கியதா, கொண்டுவந்ததா என்பதிலும் ஒரு சுலப அடையாளம் உண்டு. ‘ப்ரிங்’கில் ஆர் இருக்கிறது, ‘ப்ராட்’டிலும் ஆர் இருக்கும். வாங்குவதற்கான ‘பை’யில் ஆர் இல்லை, ‘பாட்’டிலும் இல்லை. ‘அப்பா பாட் தி அம்ப்ரெல்லா, பட் ஹி டிட் நாட் ப்ரிங் இட்’ என்று சொல்லிப் பழகினால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

9. கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், ஸ்வீப்–ஸ்வெப்ட், வீப்–வெப்ட். கூடவே ஃபீல்–ஃபெல்ட், லீவ்–லெஃப்ட், மீன்–மென்ட். நெடில் குறிலாகி, முடிவில் ட் வருகிறது. செண்ட், ஸ்பெண்ட், லெண்ட், பெண்ட், பில்ட் ஆகிய ஐந்திலும் கடைசி எழுத்து டி(d) என்பது தடித்த டி(t) ஆக மாறும், அவ்வளவே.

10. நோ–ந்யூ, க்ரோ–க்ரூ, ப்ளோ–ப்ளூ, த்ரோ–த்ரூ, ஃப்ளை–ஃப்ளூ, ட்ரா–ட்ரூ. ‘ஷோ’வும் ‘ஃப்ளோ’வும் பார்க்க இவை போலவே இருந்தாலும் சாதுவாக ஈடி வாங்கிக்கொள்ளும்.

11. பர்ன், ஸ்பில், லர்ன், ட்ரீம் ஆகியவற்றுக்கு ஈடி போட்டு எழுதினாலும் சரி, கடைசியில் வெறும் வல்லின ட் எழுத்தைச் சேர்த்தாலும் சரி. பிள்ளை ஒன்று எழுதி டீச்சர் மற்றதைச் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டும் அகராதியில் இருக்கின்றன.

12. ஒழுங்கில்லாத வினைகள் இத்தனை இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டியதில்லை. பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், கம், ஸீ என்று ஆங்கிலத்தில் அன்றாடம் அதிகம் புழங்கும் வினைகளே இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. தினமும் வாயில் உருள்வதால்தான் பழைய வடிவம் தேயாமல் பிழைத்திருக்கிறது. புழக்கம் குறைந்தவை மெல்ல ஈடி பக்கம் சாய்ந்துவிடும். புதிதாகப் பிறக்கும் வினைகள் பிறக்கும்போதே ஈடி-யோடுதான் பிறக்கும். 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினையாக ஏறிய ‘கூகுள்’ அப்படித்தான், ‘கூகுள்ட்’ ஆயிற்று. ‘கோ’வுக்கு ‘வென்ட்’ எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால், அது ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினையின் இறந்த காலம், ‘கோ’ அதைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டது என்று சொல்லுங்கள். நம் தமிழும் ஒன்றும் நேர்கோடு இல்லை. செய்தான், உண்டான், வென்றான், ஓடினான் என்று நன்னூல் காட்டும் இறந்த கால இடைநிலைகளே த், ட், ற், இன் என நான்கு. வேற்றுமொழிக்காரர் தமிழ் கற்க உட்கார்ந்தால் அவருக்கும் இதே தலைவலிதான்.

13. இனி, அதிகம் தவறு நடக்கும் இடத்துக்கு வருவோம். ‘ஐ டிட் நாட் வென்ட்’, ‘ஷி டிட் நாட் கேம்’. நேற்று நடந்தது என்பதால் வினையையும் இறந்த காலத்தில் போட்டாக வேண்டும் என்று மனம் நினைக்கிறது. ஆனால் காலத்தைச் சொல்லும் வேலையை ‘டிட்’ ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. அதற்குப் பின் வருவது மூல வினை மட்டுமே: ‘டிட் நாட் கோ’, ‘டிட் நாட் கம்’. இதைப் பிள்ளைக்கு விளக்கத் தமிழே கைகொடுக்கும். ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை ‘போனேன் இல்லை’ அல்ல, ‘போகவில்லை’. அதில் வரும் ‘போக’ என்ற பகுதியில் காலம் இருக்கிறதா? இல்லை. அதேபோல ‘டிட் நாட்’ வந்தால் வினை காலத்தைக் கழற்றி வைத்துவிடும். வந்தேன், வரவில்லை, ‘கேம்’, ‘டிட் நாட் கம்’. சாப்பிட்டாள், சாப்பிடவில்லை, ‘ஏட்’, ‘டிட் நாட் ஈட்’. இப்படி இரு மொழியிலும் ஜோடி ஜோடியாகப் பத்து வினை சொல்லவைத்தால், இந்தத் தவறு பெரும்பாலும் திரும்பி வராது.

14. கேள்விக்கும் இதே விதி. நாம் கடைசியில் ‘ஆ’ போட்டுக் கேட்கிறோம். அவர்கள் முதலில் ‘டிட்’ போட்டுக் கேட்கிறார்கள். ‘சாப்பிட்டாயா?’ என்பது ‘டிட் யூ ஈட்?’ ‘டிட் யூ ஏட்?’ அல்ல. எங்கே, எப்போது, ஏன் வந்தால் அந்தச் சொல் முதலில், அடுத்து ‘டிட்’. ‘வேர் யூ வென்ட்?’ என்று கேட்காமல் ‘வேர் டிட் யூ கோ?’ என்று கேளுங்கள்.

15. ஆனால் ‘யார் செய்தது?’ என்று ஆளையே கேட்கும்போது ‘டிட்’ வேண்டாம். ‘ஹூ ப்ரோக் த டம்ளர்?’ ‘ஹூ ஏட் த முறுக்கு?’ பதில் சொல்கிறவர் ‘பாட்டி டிட்’ என்று முடித்துக்கொள்ளலாம்.

16. கேஸை அணைத்தீர்களா என்று நாலாவது தடவை கேட்டால், ‘ஐ டிட் டர்ன் ஆஃப் த கேஸ்!’ என்று ‘டிட்’டை அழுத்திச் சொல்லுங்கள். ‘அணைச்சாச்சுன்னு சொன்னேனே!’ என்கிற எரிச்சல் அந்த ஒரு ‘டிட்’டில் வந்துவிடும்.

17. வாக்கியக் கடைசியில் எதற்கெடுத்தாலும் ‘இஸின்ட் இட்’ போடுவது நம் ஊர்ப் பழக்கம். இறந்த காலத்தில் ‘டிடன்ட் யூ’, ‘டிடன்ட் ஷி’ என்று ஆளுக்கேற்ப முடிக்க வேண்டும். ‘யூ பெய்ட் தி ஈபி பில், டிடன்ட் யூ?’

18. ‘வாஸ்’, ‘வெர்’ வந்தால் ‘டிட்’டுக்கு வேலை இல்லை. ‘வாஸ் ஷி அட் ஹோம்?’, ‘ஷி வாஸ் நாட் அட் ஹோம்’. இன்னொரு பக்கம், தேவையில்லாத இடத்தில் ‘வாஸ்’ நுழைவதும் உண்டு. ‘ஐ வாஸ் வென்ட்’ தவறு, ‘ஐ வென்ட்’ போதும். தேவையான இடத்தில் விட்டுப்போவதோ பிறந்ததைச் சொல்லும்போது: ‘ஐ பார்ன் இன் 1990’ என்று எழுதாமல் ‘ஐ வாஸ் பார்ன் இன் 1990’ என்று எழுதுங்கள்.

19. எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2015 என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிம்பிள் பாஸ்ட் போடலாம். ‘ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே’ என்பதில் ‘ஹேவ்’வுக்கு இடமில்லை, ‘ஐ ஸா ஹிம் எஸ்டர்டே’. இதைவிட நம் ஊரில் பரவலாகக் காதில் விழுவது ‘ஹேட்’: ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’. ‘ஹேட்’ போட்டால் கௌரவமாக இருக்கிறது என்று நினைப்பு போலும்! நேற்று மதுரை போனதற்கு ‘ஐ வென்ட்’ போதும். நடந்த இரண்டில் எது முந்தியது என்று காட்ட வேண்டியபோது மட்டும் ‘ஹேட்’டை எடுங்கள். நாம் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டிருந்தால், ‘வென் வி ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்’.

20. ‘ரெண்டு நாள் முன்னாடி’ என்பதை ‘டூ டேஸ் பிஃபோர்’ என்று சொல்லாதீர்கள். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’. அதேபோல ‘எஸ்டர்டே நைட்’டை விட ‘லாஸ்ட் நைட்’, ‘டுடே மார்னிங்’கை விட ‘திஸ் மார்னிங்’ இயல்பானவை.

21. ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றால் முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுவேன், இப்போது இல்லை என்று அர்த்தம். இப்போதும் எழுகிறவர்கள் இப்படிச் சொல்லித் தங்களைத் தாங்களே சோம்பேறி ஆக்கிக்கொள்கிறார்கள். இப்போதைய பழக்கத்துக்கு ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’ போதும்.

22. ஒன்று நீண்டுகொண்டிருக்க, நடுவில் இன்னொன்று சட்டென்று நடந்தால், நீண்டதற்கு ‘வாஸ்’ஸும் ‘இங்’கும், சட்டென்று நடந்ததற்கு சிம்பிள் பாஸ்ட். ‘ஐ வாஸ் கட்டிங் ஆனியன்ஸ் வென் த காலிங் பெல் ராங்.’

23. விடுப்புக் கடிதம். பிள்ளை காய்ச்சலில் ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல், மறுநாள் கடிதத்தோடு போகிறது. அதில் ‘ஆஸ் மை சன் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று பழைய மனப்பாடம் அப்படியே இருக்கும். இன்னும் காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை ஏன் வகுப்புக்கு அனுப்பினீர்கள் என்று ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வது? முடிந்ததை முடிந்ததாக எழுதுங்கள்: ‘மை சன் ஹேட் ஃபீவர் எஸ்டர்டே. ஸோ ஹி டிட் நாட் கம் டு ஸ்கூல்.’ இரண்டே வாக்கியம், இரண்டும் சிம்பிள் பாஸ்ட். ‘சஃபரிங்’ இல்லாமலே காய்ச்சல் புரியும்.

24. தலைவர்கள், கவிஞர்கள் பற்றிய கட்டுரை எழுதினால் அது முழுக்க இறந்த காலத்துக்கு நல்ல பயிற்சி. பாரதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1882-இல் எட்டயபுரத்தில் ‘வாஸ் பார்ன்’. ‘இந்தியா’ வார இதழை ‘எடிட்டிட்’. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் ‘லிவ்ட்’. பாடல்கள் ‘ரோட்’. 1921-இல் சென்னையில் ‘டைட்’. மறைந்தவரைப் பற்றி ‘ஹேஸ் ரிட்டன்’ என்று எழுதாமல் ‘ரோட்’ என்றே எழுதட்டும்.

25. பார்க்க ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும் சில. கீழே விழுந்தால் ‘ஃபெல்’, உணர்ந்தால் ‘ஃபெல்ட்’. தொலைந்த சாவி கிடைத்தால் ‘ஃபவுண்ட்’. ஒன்றை நிறுவினால் ‘ஃபவுண்டிட்’. 1949-இல் அண்ணா தி.மு.க.வை நிறுவியதற்கு இரண்டாவதுதான் வரும். படுத்துக்கொள்ளும் ‘லை’யின் இறந்த காலம் ‘லே’. பாயை விரித்து வைக்கும் ‘லே’யின் இறந்த காலம் ‘லெய்ட்’. கடைசி இரண்டில் ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள், அதனால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

26. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2010’ என்று வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால், அந்த வருஷம் மயங்கி விழுந்தீர்கள் என்று நினைத்துக்கொள்வார். பட்டம் பெற்றதற்கு ‘ஐ க்ராஜுவேட்டிட்’.

27. ஒருவரிடம் உதவி கேட்கும்போது ‘ஐ வான்ட் டு ஆஸ்க்’ என்பதை ‘ஐ வான்டிட் டு ஆஸ்க்’ என்று மாற்றிப் பாருங்கள். கேட்பது இப்போதுதான், ஆனாலும் இறந்த காலம் போட்டதில் கொஞ்சம் பணிவு கூடிவிடும். வங்கியிலும் பள்ளி அலுவலகத்திலும் உதவும்.

28. பயிற்சிக்கென்று தனி நோட்டு வாங்க வேண்டாம். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அன்று நடந்ததை ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒன்று நடக்காததாக இருக்கட்டும், அப்போதுதான் ‘டிட் நாட்’ பழகும். துணி மடிக்கும்போதும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி ‘ஹூ வோர் திஸ்?’ என்று கேளுங்கள். ‘அப்பா வோர் இட்’, ‘அம்மா வாஷ்ட் இட்’, ‘ஐ ஃபோல்டிட் இட்’. ஒரு சட்டைக்கு மூன்று வினை. கூடை காலியாவதற்குள் பாடமும் முடிந்திருக்கும்.

29. சின்னப் பிள்ளை ‘ஐ கோட் டு ஸ்கூல்’, ‘ஐ ஈட்டிட்’ என்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் வீட்டுக் குழந்தைகளும் மூன்று, நான்கு வயதில் இதையேதான் சொல்கின்றன. ஈடி விதி மண்டையில் ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. நடுவில் வெட்டித் திருத்தாமல், ‘ஓ, யூ வென்ட் டு ஸ்கூல்? வாட் டிட் யூ ஈட்?’ என்று சரியான வடிவத்தைப் பதிலில் கலந்து கொடுங்கள். நாளடைவில் தானாகச் சரியாகிவிடும்.

30. ‘ஈட்’டின் இறந்த காலத்தை பிரிட்டனில் பலர் ‘எட்’ என்றும், அமெரிக்காவில் ‘ஏட்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் சரி. உங்கள் நாக்குக்கு எது பழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.